தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளுக்கு போன் விளம்பரம்: வட்டம் போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

ஜியோ 2016 செப்டம்பரில் வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கிருஷ்ணகிரி ரவுண்டானா ஃபிளெக்ஸ், டவுன் பஸ் ஸ்டிக்கர், ஆட்டோ மைக், லோக்கல் கேபிளில் ஓடும் எழுத்து என்று போய்க்கொண்டிருந்த விளம்பரக் காசு கொஞ்சம் கொஞ்சமாக போனுக்குள் நகர்ந்துவிட்டது. பெரிய ஜவுளிக்கடை மட்டுமில்லை, பாலக்கோட்டில் சொட்டுநீர் குழாய் விற்பவரும் பர்கூரில் மெத்தைக்கடை வைத்திருப்பவரும் இன்று இன்ஸ்டாகிராமில் காசு கட்டுகிறார்கள். ஆனால் கட்டியவர்களில் பலர், "ஐயாயிரம் போச்சு, லைக்கா வந்துச்சு, ஆள் வரல" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த இரண்டு மாவட்டங்களில் போன் விளம்பரக் காசு கரைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, விளம்பரம் எந்த எல்லைக்குள் இருப்பவருக்குக் காட்ட வேண்டும் என்று வரைபடத்தில் போடும் வட்டம். மற்றொன்று, வந்த விசாரிப்புக்குப் பதில் போகாத வாட்ஸ்அப். வீடியோ சுமாராக இருந்தாலும் இந்த இரண்டும் சரியாக இருந்தால் வியாபாரம் நடக்கும். இரண்டும் தப்பாக இருந்தால் சினிமா கேமரா வைத்து எடுத்தாலும் நடக்காது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் இடம் அதிகம்.

எந்தக் கடைக்கு எது

உங்கள் சரக்கு தேவைப்படும்போது மட்டும் தேடப்படுவதா, கண்ணில் பட்டால் ஆசை வருவதா என்று முதலில் பாருங்கள். ஜேசிபி வாடகை, செப்டிக் டேங்க் வண்டி, போர்வெல் மோட்டார் ரிப்பேர், பல் டாக்டர், ஏசி மெக்கானிக் இதெல்லாம் முதல் வகை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு மோட்டார் ரிப்பேர் விளம்பரம் காட்டிப் பயனில்லை. நின்றுபோன நிமிஷத்தில் அவர் கூகுளில் தேடுவார், அங்கே இருந்தால் போதும். கட்டில் பீரோ, புடவை, கவரிங் நகை, டியூஷன் சென்டர், மனை விற்பனை, கல்யாண மண்டபம் இரண்டாவது வகை. இவற்றுக்கு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும். ஏற்கெனவே வாங்கியவர்களைத் திரும்பக் கூப்பிட வாட்ஸ்அப்பும் எஸ்எம்எஸ்ஸும்.

மாதம் 5,000 ரூபாய்க்குள் செலவழிப்பவர் எல்லா இடத்திலும் ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்க வேண்டாம். ஒரே இடத்தில் போடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

காசு கட்டுவதற்கு முன் ஒரு மணி நேர வேலை

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடைப் பெயர், வகை, நேரம், போன் நம்பர், படங்கள் சேர்த்துச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவில் ஆரம்பித்து, பெயர்ப்பலகையைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே போய், கல்லாவையோ உரிமத்தையோ காட்டும் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பலகையில் ஒரு பெயர், புரொஃபைலில் வேறு பெயர் என்றிருந்தால் நிராகரிப்பு வரும்.

வரைபடத்தில் ஊசி சரியாக உங்கள் வாசலில் நிற்கிறதா என்று நடந்தே போய்ப் பாருங்கள். பழையபேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் ஊசி ஒரு சந்து தள்ளி நின்றால், ஆள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கிப் போய்விடுவார்.

அடுத்து வாட்ஸ்அப் பிசினஸ். தனி சிம் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கென்றே ஒரு நம்பர் இருந்தால், அதில் வந்த அழைப்பு எல்லாம் விளம்பரத்தால் வந்தது என்று பின்னால் கணக்கு எடுப்பது சுலபம். கேட்டலாகில் பத்துப் பொருளாவது விலையோடு ஏற்றுங்கள். விலை போடாமல் "இன்பாக்ஸ் பண்ணுங்க" என்பது சிலருக்குப் பெரிய வியாபாரத் தந்திரமாகத் தெரிகிறது. நடைமுறையில் அது வாங்காதவர்களின் விசாரிப்பை மட்டுமே பெருக்குகிறது.

வட்டம் போடுவது

மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் கம்பெனி) விளம்பரத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் தர்மபுரி என்று அடித்தால் ஒன்றுக்கு மேல் வரும். தெலங்கானாவில், ஜக்தியால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயில் இருக்கும் தர்மபுரியும் அதில் ஒன்று. கிருஷ்ணகிரி என்ற பெயரில் கேரளாவின் வயநாட்டிலும் ஓர் ஊர் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் மாநிலத்தைப் படிக்காமல் அழுத்தினால், பட்டுப்புடவை தள்ளுபடி கோதாவரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கும். லைக்கும் வரும், ஆள்தான் வராது.

ஆகவே ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுக்காமல், வரைபடத்தில் உங்கள் கடைமேல் ஊசி குத்துங்கள். இன்னொரு லாபமும் உண்டு: ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வட்டத்தை 17 கி.மீ.க்குக் கீழே குறைக்க முடியாது, ஊசி குத்தினால் அதைவிடச் சின்ன வட்டம் போடலாம். டீக்கடை, பியூட்டி பார்லர், டியூஷன் போன்றவற்றுக்கு 4, 5 கி.மீ. போதும்.

எத்தனை கி.மீ.? கடையின் பில் புத்தகத்தை எடுத்துக் கடைசி நூறு பில்லில் வாடிக்கையாளர் எந்த ஊர் என்று பாருங்கள். பில்லில் ஊர் எழுதும் பழக்கம் இல்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள். அந்த நூறில் எண்பது பேர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்களோ அதுதான் உங்கள் வட்டம். சாலைத் தூரம் வேறு, வட்டத்தின் நேர்க்கோட்டுத் தூரம் வேறு என்பதை மறக்க வேண்டாம். தர்மபுரி நாலு ரோட்டில் ஊசி குத்தி 25 கி.மீ. போட்டால் பாலக்கோடும் காரிமங்கலமும் உள்ளே வரும், பென்னாகரமும் அரூரும் வெளியே நிற்கும். அரூர்க்காரர்கள் கட்டில் வாங்கத் தர்மபுரி வருகிறார்கள் என்றால் வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். அரூரில் தனியாக ஓர் ஊசி, 8 கி.மீ. வட்டம் என்று சேருங்கள். ஒரே விளம்பரத்தில் பல ஊசி குத்தலாம்.

ஓசூர்தான் பொறி. பஸ் ஸ்டாண்டில் ஊசி வைத்து 25 கி.மீ. போட்டால் அத்திப்பள்ளி, ஆனேக்கல், சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தப் பக்கம் போன்களும் அதிகம், விளம்பரம் பார்ப்பவர்களும் அதிகம். மெட்டாவின் கணக்கு, மலிவாகக் கிளிக் கிடைக்கும் பக்கம் காசைத் தள்ளும். உங்கள் பணத்தில் பெரும்பங்கு எல்லைதாண்டிப் போய்விட்டிருக்கும், நீங்களோ தேன்கனிக்கோட்டையிலும் சூளகிரியிலும் இருந்து ஆள் வருவார் என்று காத்திருப்பீர்கள். இதற்கு மாற்று: ஓசூர் மையத்தில் 6, 7 கி.மீ. வட்டம், சூளகிரிக்கு ஒன்று, தேன்கனிக்கோட்டைக்கு ஒன்று, பாகலூருக்கு ஒன்று. அதோடு அத்திப்பள்ளியிலும் ஆனேக்கலிலும் ஊசி குத்தி அவற்றை 'எக்ஸ்க்ளூட்' செய்து விலக்குங்கள். நீங்கள் நடத்துவது கம்பெனி வேலைக்கு வருபவர்களுக்கான ஹாஸ்டல் என்றால் கதை தலைகீழ், அந்தப் பக்கமும் வேண்டும்.

கிருஷ்ணகிரியில் 35 கி.மீ. வட்டம் போட்டால் ஆந்திராவின் குப்பம் உள்ளே வரும். தெலுங்கில் பேசி வியாபாரம் செய்ய ஆள் இருந்தால் அது வரப்பிரசாதம். இல்லையென்றால் விலக்குங்கள்.

மெட்டாவில் இடம் என்பது அங்கே குடியிருப்பவரோடு, அண்மையில் அந்தப் பக்கம் வந்துபோனவரையும் சேர்த்துத்தான். முன்பு 'குடியிருப்பவர் மட்டும்' என்று தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது, இப்போது இல்லை. 44ஆம் எண் நெடுஞ்சாலையில் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகிற பஸ் பயணிகள் எல்லாம் உங்கள் வட்டத்தைக் கடந்துதான் போகிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டலுக்கு இது நல்லது, பீரோ கடைக்கு வீண். முழுக்கத் தவிர்க்க வழியில்லை. வீடியோவின் முதல் நொடியிலேயே "காவேரிப்பட்டினம் மக்களே" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் வெளியூர்க்காரர் தானாகத் தள்ளிவிட்டுப் போவார்.

விளம்பரத்தை ஏற்றுவது

பதிவுக்குக் கீழே இருக்கும் நீல 'பூஸ்ட்' பொத்தான் அவசரத்துக்கு உதவும். ஆனால் கட்டுப்பாடு குறைவு. கம்ப்யூட்டரில் மெட்டா ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து செய்வது நல்லது. மூன்று அடுக்கு இருக்கும். மேலே கேம்பெயின், நடுவில் ஆட் செட், கீழே ஆட்.

கேம்பெயினில் நோக்கம் கேட்கும். 'அவேர்னஸ்' என்றால் நிறையப் பேர் கண்ணில் காட்டும். 'டிராஃபிக்' என்றால் சும்மா விரல் வைக்கும் ஆட்களைத் தேடித்தரும். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் அந்தக் கணினி கொடுக்கும், வியாபாரத்தைத் தானாக ஊகிக்காது. கடைக்கு விசாரிப்பு வேண்டுமென்றால் 'என்கேஜ்மென்ட்' எடுத்து, மெசேஜ் வரும் இடமாக வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆட் செட்டில் இடம் (மேலே சொன்னபடி), வயது, பட்ஜெட். இடமும் குறைந்தபட்ச வயதும் கண்டிப்பான எல்லைகள். மற்ற விருப்பங்களை, மெட்டாவே ஆளைத் தேடிக்கொள்ளும் இப்போதைய 'அட்வான்டேஜ் பிளஸ்' முறை ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் 'ஃபர்னிச்சர் விரும்புபவர்', 'புதுமணத் தம்பதி' என்று முப்பது விருப்பங்களை அடுக்கி நேரம் போக்க வேண்டாம். நம் வட்டத்துக்குள் இருக்கும் கூட்டமே சின்னது. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டம் 15 லட்சம், கிருஷ்ணகிரி மாவட்டம் சுமார் 18.8 லட்சம் பேர். அதில் ஒரு 10 கி.மீ. வட்டத்தை எடுத்து மேலும் மேலும் வெட்டினால் காட்ட ஆள் இருக்காது.

பட்ஜெட் பற்றி. ஓர் ஆட் செட் வாரத்துக்குச் சுமார் 50 பலன் (இங்கே, 50 பேர் மெசேஜ் தொடங்குவது) பெறும்வரை மெட்டா அதைக் 'கற்றல் கட்டம்' என்று வைத்திருக்கும். யாருக்குக் காட்டினால் மெசேஜ் வருகிறது என்று அது பழகும் காலம். தினம் 250 ரூபாயை ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய், எதுவும் பழகி முடிக்காது. ஒரே ஆட் செட், அதற்குள் இரண்டு அல்லது மூன்று வீடியோ. அவ்வளவுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வயதை மாற்றுவது, இடத்தை மாற்றுவது என்று கையை வைத்துக்கொண்டே இருந்தால் கற்றல் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். குறைந்தது ஏழு நாள் தொடாமல் விடுங்கள். பொறுமை இல்லாதவரிடம் ஆட்ஸ் மேனேஜர் ஆப்பைக் கொடுக்கவே கூடாது.

மெசேஜ் ஏன் எப்போதும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை என்றால், ஒவ்வொரு முறை ஒருவர் திரையில் விளம்பர இடம் காலியாகும்போதும் ஏலம் நடக்கிறது. பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டிக்கு நடப்பதுபோலத்தான், ஒரு வித்தியாசம்: அதிகம் கேட்டவருக்கே கிடைக்கும் என்பதில்லை. பார்ப்பவர் அதில் ஏதாவது செய்வாரா, விளம்பரம் தரமானதா என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும். அதனால் ஆட்கள் நின்று பார்க்கும் வீடியோ, கம்மி விலைக்கே அந்த இடத்தைப் பிடிக்கும். தீபாவளி நெருங்கினால் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஏலத்தில் இறங்கும், அதே 250 ரூபாய்க்குக் கிடைக்கும் மெசேஜ் குறையும். சின்னக் கடைகள் தீபாவளி விளம்பரத்தைச் சில வாரம் முன்னாடியே ஓட்டிவிட்டு, கடைசி வாரத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் போடுவது புத்திசாலித்தனம். கல்யாணச் சரக்கு விற்பவர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் விற்பனை படுத்துக்கொள்ளும். விளம்பரம் ஆரம்பிக்க வேண்டியது ஆடியின் கடைசிப் பத்து நாளிலும் மார்கழியின் கடைசிப் பத்து நாளிலும்தான், ஆவணியும் தையும் பிறந்த பிறகு இல்லை.

விளம்பரச் செலவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரியோடு சேர்த்து 1,000 ரூபாய் ஒதுக்கினால் விளம்பரத்துக்கு நிற்பது 847 ரூபாய் சொச்சம். வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் பில்லிங் பகுதியில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடையாது, செலவோடு செலவுதான்.

வீடியோ: 25 நொடி, செங்குத்தாக

போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். 1080க்கு 1920 பிக்சல், 9:16. ஃபீடில் போடும் படத்துக்கு 4:5. ரீல்ஸில் மேலே சுமார் 14 சதவீத உயரமும் கீழே 35 சதவீத உயரமும் பெயர், பொத்தான், விவரம் என்று மறைந்துவிடும். விலையையும் போன் நம்பரையும் அடியில் போடுவது இங்கே எல்லாரும் செய்கிற தப்பு. ஃபிளெக்ஸ் டிசைனர் செய்துகொடுத்த படத்தை அப்படியே ஏற்றுவதால் வருவது. எழுத்து நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள், அதனால் பேசுவதை எழுத்தாகவும் போடுங்கள். ஒரு திரையில் ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம். கட்டில் கடைக்கு ஓர் ஓட்டம் இப்படி:

0 முதல் 3 நொடி: கட்டில்மேல் இரண்டு பெரியவர்கள் ஏறி நின்று குதிக்கிறார்கள். எழுத்து: "தேக்குக் கட்டில், ஆறேகாலுக்கு அஞ்சு. ₹18,500."
3 முதல் 10: தலைமாட்டுப் பலகை, மூட்டு, அடிச்சட்டம் கிட்டத்தில். கையால் தட்டிக் காட்டுவது.
10 முதல் 17: எதெல்லாம் விலையில் சேர்த்தி, எது தனி. "மெத்தை தனி. 15 கி.மீ. வரை டெலிவரி இலவசம்."
17 முதல் 25: ரவுண்டானாவிலிருந்து கடை வாசல் வரை நடந்து வரும் காட்சி. "வாட்ஸ்அப் பண்ணுங்க, போட்டோ அனுப்புறோம்."

கடை லோகோ சுழன்று வருவதை முதல் மூன்று நொடியில் வைத்தால் அந்த மூன்று நொடியில் கட்டை விரல் மேலே தள்ளிவிடும். முதலாளி கோட் போட்டு நின்று "வணக்கம்" சொல்வதும் அப்படியே. பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதீர்கள். தனிநபர் ரீல்ஸில் ஓடும் பாட்டு, வியாபார விளம்பரத்தில் உரிமைப் பிரச்சினையால் ஒலி துண்டிக்கப்படும் அல்லது விளம்பரமே நிற்கும். மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பில் உள்ளதை எடுங்கள், அல்லது பட்டறையின் இழைப்புளிச் சத்தத்தையே விடுங்கள். அது நன்றாகவே இருக்கும்.

ஓசூரில் ஷிஃப்ட் ஆட்களுக்கு விற்பவர்கள் லைஃப்டைம் பட்ஜெட் (தினத்தொகை இல்லாமல், ஓடும் நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை) வைத்து நேர அட்டவணை போடலாம். ஷிஃப்ட் விடும் நேரத்தை ஒட்டியும், இரவு சாப்பாட்டுக்குப் பின்னும் ஓட விட்டால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

பதில் சொல்வது

விளம்பரத்தைத் தட்டி "விலை?" என்று கேட்டவர், அடுத்த நிமிஷமே வேறொரு கடையின் விளம்பரத்துக்குப் போய்விடுவார். ஐந்து நிமிஷத்துக்குள் பதில் போனால் பேச்சு தொடரும். மறுநாள் காலை போனால், "யாருங்க நீங்க?" என்றுதான் திரும்ப வரும். கடையில் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக்குங்கள். கல்லாவில் இருப்பவரே இதையும் பார்க்கட்டும் என்று விட்டால், கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் மெசேஜும் குவியும்.

வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை' நான்கைந்து எழுதி வையுங்கள். முதல் பதில் இந்த அளவு போதும்:

"வணக்கம்ங்க. நீங்க பார்த்த தேக்குக் கட்டில் ஆறேகாலுக்கு அஞ்சு, ₹18,500. மெத்தை சேர்க்கல. உங்களுக்கு எந்த ஊருங்க? டெலிவரி பார்த்துச் சொல்றேன்."

இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஊர் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை, பேச்சும் நகரும், உங்கள் வட்டம் சரியா என்ற கணக்கும் சேரும். "பட்ஜெட் எவ்வளவு?" என்று முதலில் கேட்டால் பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். வயதான அம்மாக்கள் ஆடியோவில் கேட்டால் ஆடியோவிலேயே பதில் சொல்லுங்கள். ஓசூரில் தெலுங்கிலும் கன்னடத்திலும் மெசேஜ் வரும், அந்த இரண்டிலும் விலைப் பதில் ஒன்று தயாராக இருக்கட்டும்.

'லேபிள்' வசதியில் புதுசு, விலை சொன்னோம், வருகிறேன் என்றார், வாங்கினார் என்று நான்கு நிறம் போதும். வருகிறேன் என்றவருக்கு மூன்றாம் நாள் ஒரு போன். "அண்ணே, ஞாயித்துக்கிழமை வரேன்னீங்களே, கடை அரைநாள்தான், ஒரு மணிக்குள்ள வந்துடுங்க" என்ற மாதிரி, காரணத்தோடு ஒன்று. சும்மா "என்ன ஆச்சு?" என்று கேட்பது தொல்லை.

கூகுளில் தேடுபவருக்கு

ஜேசிபி, மோட்டார், செப்டிக் டேங்க் வகைக்கு கூகுள் ஆட்ஸில் 'சர்ச்' கேம்பெயின். நம் ஆட்கள் தமிழ் எழுத்திலும் தேடுவார்கள், ஆனால் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தையைக் கலந்து தேடுகிறார்கள். இரண்டையும் சேருங்கள். தேடல் சொற்களை 'பிராட்' (கொஞ்சம் தொடர்பிருந்தாலும் காட்டும்) முறையில் விட்டால் ஜேசிபி வாடகைக்குக் காசு கட்டிய உங்களிடம் ஜேசிபி டிரைவர் வேலை, ஜேசிபி விலை, ஜேசிபி பொம்மை என்று தேடியவர்கள் எல்லாம் வருவார்கள். 'ஃபிரேஸ்' (அந்தப் பொருள் அடங்கிய தேடலுக்கு) அல்லது 'எக்ஸாக்ட்' (அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும்) முறையில் வையுங்கள். வேலை, சம்பளம், பழைய, விலைக்கு, பயிற்சி, பொம்மை போன்றவற்றை நெகட்டிவ் சொல்லாக (அது இருக்கும் தேடலுக்கு விளம்பரம் காட்டாதே என்று) சேருங்கள். தர்மபுரி என்ற சொல் உங்கள் பட்டியலில் இருந்தால் ஜக்தியால், தெலங்கானா, டெம்பிள், நரசிம்மர் என்பவையும் நெகட்டிவில் போக வேண்டும்.

இட அமைப்பில் மறைந்திருக்கும் ஒரு வட்டப் பொத்தானைக் கட்டாயம் மாற்றுங்கள். இயல்பாக 'இங்கே இருப்பவர் அல்லது இந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்' என்றிருக்கும். அப்படியே விட்டால் சென்னையில் உட்கார்ந்து ஒகேனக்கல் போகத் தர்மபுரி பற்றித் தேடுபவருக்கும் உங்கள் ஜேசிபி விளம்பரம் காட்டப்படலாம். 'இங்கே இருப்பவர், வழக்கமாக வருபவர்' என்பதற்கு மாற்றுங்கள். ஒகேனக்கல்லில் லாட்ஜ் வைத்திருப்பவர் மட்டும் ஆர்வம் காட்டுபவரை வைத்துக்கொள்ளட்டும், அவருக்கு ஆள் வருவதே வெளியூரிலிருந்துதான்.

கூகுள் தேடலுக்கு வெளியே மற்ற தளங்களிலும் ஆப்களிலும் காட்ட 'சர்ச் பார்ட்னர்', 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' என்று இரண்டு டிக் இருக்கும், ஆரம்பத்தில் இரண்டையும் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளேயில் போகும் காசில் நிறைய, கேம் ஆப்களில் குழந்தை விரல் தவறிப் படுவதில் போகிறது. மெட்டாவிலும் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' என்ற பெயரில் இதே தொல்லை உண்டு.

'கால்' (போன் அழைப்பு) பொத்தானைச் சேர்த்து, நீங்கள் போன் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அட்டவணை வையுங்கள். தினம் 300 ரூபாய் என்று வைத்தால் சில நாள் 600 வரை போகும், பயப்பட வேண்டாம். மாதக் கணக்கில் தினத்தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. இணையதளத்துக்கு அனுப்பினால் அது ஏர்டெல் ஒரு கோடு, ஜியோ ஒரு கோடு என்று சிக்னல் காட்டும் இடத்திலும் மூன்று நொடிக்குள் திறக்கிறதா என்று பாருங்கள். மூன்று நொடிக்கு மேல் ஆனால் மொபைலில் 53 சதவீத வருகைகள் பாதியில் கைவிடப்படுகின்றன என்று கூகுள் 2016இல் வெளியிட்டது. அஞ்செட்டி, சித்தேரிப் பக்கம் சிக்னலில் 5 எம்பி படம் வைத்த பக்கம் திறக்கவே திறக்காது. படம் ஒன்றுக்கு 150 கேபிக்குள் அடக்குங்கள். 

எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மொத்த அனுப்பல்

சொந்த பத்து இலக்க நம்பரிலிருந்து மொத்தமாக விளம்பர எஸ்எம்எஸ் அனுப்புவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிக்கு எதிரானது, இணைப்பே துண்டிக்கப்படலாம். 2018 விதிமுறைப்படி டிஎல்டி தளத்தில் (போன் கம்பெனிகள் நடத்தும் பதிவுத் தளம்) நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தி வடிவம் மூன்றையும் பதிந்த பிறகுதான் அனுப்ப முடியும். வருடத்தில் இரண்டு முறை தள்ளுபடி சொல்லும் கடைக்கு இவ்வளவு வேலை தேவையா என்பது உங்கள் முடிவு. ஊர் ஊராக வாடிக்கையாளர் உள்ள நகைக்கடைக்குத் தேவைப்படும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர். உங்கள் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் போகும். பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது டிசைன் வந்தா அனுப்புறோம்" என்று சொல்லிச் சேமிக்கச் செய்வதுதான் வழி. ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு அனுப்பித் தருகிறோம் என்று விற்கப்படும் சாப்ட்வேர் எதையும் தொடாதீர்கள். நம்பர் முடக்கப்பட்டால் வருஷக்கணக்கில் சேர்த்த தொடர்பு எல்லாம் அதோடு போகும்.

எதெல்லாம் நிராகரிக்கப்படும்

"உங்களுக்கு சர்க்கரை வியாதியா?" என்று பார்ப்பவரின் உடல்நிலையைக் குத்திக் கேட்கும் வரி மெட்டாவில் நிற்காது. சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாந்திரீகச் சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்திலும் சிக்கும், நாட்டு மருந்துக் கடைகள் கவனிக்க. ஓசூர் எல்லைப் பட்டாசுக் கடைகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் முயன்று பார்க்கின்றன. பட்டாசு விளம்பரத்தை மெட்டாவும் கூகுளும் ஏற்பதில்லை. அதைப் 'பரிசுப் பெட்டி' என்று மறைத்துப் போட்டால் விளம்பரக் கணக்கே போகும். ஒரே ஒரு பீஸ் வைத்துக்கொண்டு பாதி விலை என்று கூவி ஆளை வரவழைப்பதும் 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி குற்றம். அவ்வளவு சரக்கு இல்லையென்றால் 'இருப்பு உள்ளவரை' என்று விளம்பரத்திலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

பலன் வந்ததா என்று பார்ப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, செலவு, வந்த மெசேஜ், ஊர் சொன்னவர், கடைக்கு வந்தவர், வாங்கியவர், லாபம் என்று ஏழு கட்டம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: தினம் 250 ரூபாய், 14 நாள், 3,500 ரூபாய். ஜிஎஸ்டி 630. மொத்தம் 4,130. மெசேஜ் 70, ஊர் சொன்னவர் 28, கடைக்கு வந்தவர் 11, வாங்கியவர் 4. ஒரு கட்டிலில் நிற்கும் லாபம் 3,000 என்றால் 12,000. ஒரு மெசேஜுக்கு 59 ரூபாய், ஒரு விற்பனைக்கு 1,033 ரூபாய் செலவு. ஓட்டலாம்.

எண்கள் வேறு மாதிரி வந்தால் எந்தக் கட்டத்தில் ஒழுகுகிறது என்று பாருங்கள். மெசேஜே வரவில்லையென்றால் வீடியோ அல்லது விலை. 70 மெசேஜில் ஊர் சொன்னவர் எட்டுப் பேர் என்றால் பதில் தாமதம். 28 பேரில் இருபது பேர் ஆனேக்கல் என்றால் வட்டம். பதினொரு பேர் வந்து ஒருவரும் வாங்கவில்லையென்றால் வீடியோவில் காட்டிய கட்டிலும் கடையில் இருக்கும் கட்டிலும் வேறு. அதற்கு விளம்பரத்தை எவ்வளவு திருத்தினாலும் ஆகாது.

ஆட்ஸ் மேனேஜர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கிளிக் செய்து ஏழு நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் நடந்ததையெல்லாம் மெட்டா இயல்பாகத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுளும் அதே விற்பனையைத் தன்னுடையது என்று சொல்லும். இரண்டையும் கூட்டினால் நீங்கள் விற்றதைவிட அதிகமாக வரும். சும்மாவே வந்திருக்கக் கூடியவர்களைக் கழித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பில் கணக்கில் ஏறத்தாழ சமமாக வியாபாரம் தரும் இரண்டு ஊரை எடுங்கள், பாலக்கோடும் அரூரும் என்று வைப்போம். மூன்று வாரம் பாலக்கோட்டில் மட்டும் விளம்பரம், அரூரில் கிடையாது. அடுத்த மூன்று வாரம் மாற்றுங்கள். விளம்பரம் ஓடாத ஊரிலிருந்தும் அதே அளவு ஆள் வந்தால் காசு வீண். இடையில் முகூர்த்தமோ ஆடிப்பெருக்கோ வராத வாரங்களாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஒரே நபருக்கு எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை 'ஃப்ரீக்வென்சி' காட்டும். நம்மூர் அளவு சின்ன வட்டத்தில் அது சீக்கிரம் ஏறும். வாரத்தில் நான்கைத் தாண்டி, மெசேஜ் விலையும் ஏறினால் வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். புது வீடியோ போடுங்கள்.

கணக்கு யார் பெயரில்

விளம்பரம் பார்த்துத் தருகிற ஆளிடமோ ஏஜென்சியிடமோ கொடுத்தால், பேஜும் விளம்பரக் கணக்கும் வாட்ஸ்அப் நம்பரும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு 'பார்ட்னர்' அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு வேண்டாம். அவர்கள் கணக்கில் ஓட்டினால், பிரியும்போது இத்தனை மாதம் பழகிய தரவு அவர்களோடு போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள், கணக்குச் செலவு வரம்பையும் வையுங்கள். "உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று மெட்டா பெயரில் மெசஞ்சரில் வருவது எல்லாம் திருட்டு. அழுத்திவிட்டால் கார்டை உடனே பிளாக் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, பிசினஸ் செட்டிங்கில் தெரியாத அட்மின் யாராவது சேர்ந்திருக்கிறாரா என்று பார்த்து நீக்குங்கள். காசு போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அன்றே அழைக்க வேண்டும்.